இருநூற்றுப் பன்னிரண்டாவது வரி

ஒன்று. மறுபடியும் ஒன்று. ஐம்பத்தெட்டாவது தடவை ஓட்டியாச்சு. திரையின் மூலையில் அந்த எண் நாற்பதில் தொடங்கி, பன்னிரண்டு, ஐந்து, மூன்று, இரண்டு என்று ஒழுங்காக இறங்கி வந்து, ஒன்றில் வந்து குத்தவைத்துக்கொள்கிறது. சைபர் வரணும். மீறின நிபந்தனை சைபர் என்று வந்தால்தான் டைம்டேபிள் முடிந்தது. முப்பத்தெட்டு டீச்சர், இருபத்துநாலு செக்ஷன், ஒரு நாளைக்கு எட்டு பீரியட், அதுக்குமேல் ஆளாளுக்கு எழுதிக் கொடுத்த இருநூற்றுப் பன்னிரண்டு நிபந்தனை. எனக்கு முதல் பீரியட் வேண்டாம், எனக்குச் சாப்பாட்டுக்கு அப்புறம் ஒன்பது பி வேண்டாம், அவங்க லேபில் இருக்கும்போது என்னை லேபில் போடாதீர்கள். இப்போது மணி இரண்டு ஐம்பது. நாலு மணிக்கு ஸ்டாஃப் மீட்டிங். நாளைக்குப் பள்ளிக்கூடம் திறக்கிறது. கால் மணி நேரத்துக்கு முன்னால்தான் தாளாளர் அழகர்ராஜா சார் என் முதுகுக்குப் பின்னால் வந்து நின்றார், அவர் பூசியிருந்த சந்தனம் இன்னும் இந்த ரூமை விட்டுப் போகவில்லை. "காலைல சைபர்னு காட்டினியேப்பா" என்றார். இருநூற்றுப் பதினொன்று வரைக்கும் சைபர்தான் சார், பன்னிரண்டாவதை ஏற்றினதும் ஒன்று ஆகிவிட்டது என்றேன். "பன்னெண்டாவது யாரு?" ஜெபக்கனி மிஸ் சார். "அப்ப அதுதான் கோளாறு. அந்த ஒரு வரியை எடுத்துரு. நாலு மணிக்குள்ள முப்பத்தெட்டு காப்பி என் டேபிள்ல இருக்கணும்." கோளாறு அந்த வரி இல்லை சார் என்று ஆரம்பித்தேன். அவர் சிரித்தார். கோபப்பட்டிருந்தால்கூடப் பரவாயில்லை. "பதினொண்ணாப்புல பாதில நின்னவன் எனக்குக் கணக்குச் சொல்லித் தர்றியா வேல்துரை" என்று சிரித்துக்கொண்டே தோளைத் தட்டிவிட்டுப் போனார். தட்டின இடம் இன்னும் அரிக்கிறது.

பாதியில் நின்றேனாம். நானா நின்றேன். போன வருசம் அரையாண்டு முடிந்ததும் எட்டுப் பேரை இதே ஆபீசுக்குக் கூப்பிட்டு, அப்பா அம்மாவை வரச்சொல்லி, டி.சி. வாங்கிக்கங்க, வேற ஸ்கூல்ல சேர்ந்துக்கங்க, இங்க எழுதினா ஃபெயிலாயிருவான் என்று சொன்னார்கள். எட்டுப் பேர் போனதும் ரிசல்ட் நூற்றுக்கு நூறு. பஸ் ஸ்டாண்டு எதிரில் பேனர் கட்டினார்கள், நான் அதுக்குக் கீழே நின்று கரும்புச்சாறு குடித்தேன். வேறு ஸ்கூலில் நான் சேரவில்லை. இரண்டு மாசம் மில் சாமான் செய்கிற பட்டறையில் நின்றேன். அப்புறம் அம்மா, இந்தப் பள்ளிக்கூட வேனில் ஆயாவாக இருப்பவள், அழகர்ராஜா சார் காலில் விழாத குறையாகக் கேட்டு என்னை இந்தக் கம்ப்யூட்டர் முன்னால் உட்காரவைத்தாள். பட்டறையில் ஒன்று பார்த்தேன். இரும்பைச் சிவக்கக் காய்ச்சிச் சாம்பலுக்குள் புதைத்து, மறுநாள் வரைக்கும் மெல்ல மெல்ல ஆறவிட்டால் அது சொன்னபடி வளையும். சிவப்பாக இருக்கும்போதே தண்ணீரில் முக்கினால் விறைத்துப்போகும், பிறகு ஒரு தட்டுத் தட்டினால் உடையும். இந்த டைம்டேபிள் ப்ரோகிராமும் அதேதான் செய்கிறது, நான் அடித்துச் சொல்கிறேன், வேறு ஒன்றும் இல்லை. முதலில் சூடு அதிகம். இவரை அங்கே, அவரை இங்கே என்று கண்டபடி மாற்றும், நிலைமை மோசமானாலும் கவலைப்படாது. சூடு குறையக் குறையக் கறார் ஆகும். கடைசியில் நல்லதை மட்டும்தான் ஏற்கும். அவசரப்பட்டுக் குளிர வைத்தால் எங்கேயாவது பள்ளத்தில் விறைத்துக்கொண்டு ஏழு, எட்டு என்று நிற்கும். அதனால் நான் அவசரப்படுத்தவில்லை. ஐம்பத்தெட்டு தடவையும் பொறுமையாக ஆறவிட்டேன். எனக்குப் பொறுமை கிடையாது என்று ரிப்போர்ட் கார்டில் எழுதியிருக்கிறது. எழுதினது யார் தெரியுமா, இந்த இருநூற்றுப் பன்னிரண்டாவது வரிக்காரிதான்.

ஜெபக்கனி மிஸ். கெமிஸ்ட்ரி. எட்டுப் பேர் பட்டியலில் என் பேருக்கு எதிரில் 'பொதுத்தேர்வுக்கு லாயக்கில்லை' என்று சிவப்பு மையில் எழுதி அழகாகக் கையெழுத்துப் போட்ட அதே ஜெபக்கனி மிஸ். அதுக்கு முந்தின வாரம் மொத்தக் கிளாசுக்கும் முன்னால் சொன்னாள்: "வேல்துரை, நீ ஒருத்தன் மத்த நாற்பது பேரையும் கீழ இழுக்கிற." நான் யாரையும் இழுக்கவில்லை. கடைசி பெஞ்சில் உட்கார்ந்து ஃபேனை எண்ணிக்கொண்டிருந்தேன். அந்தக் குரல் இப்போதும் காதில் இருக்கிறது, அதுவும் குளித்துக்கொண்டிருக்கும்போது வரும். இன்றைக்குக் காலையில் பதினொரு மணிக்கு அவள் இதே கதவுப் பக்கம் வந்து நின்றாள். மற்றவர்கள் எல்லாம் போன வாரமே ஃபாரம் கொடுத்துவிட்டார்கள், அவள் மட்டும் இன்றைக்கு. அவள் சேலையிலிருந்து ஆஸ்பத்திரி வாடை வந்தது. கையில் நாலாக மடித்த காகிதம். "தம்பி, இதையும் சேர்த்துக்க" என்றாள். அப்போதெல்லாம் டேய், இப்போது தம்பி. ஃபாரத்தில் மூன்று கட்டம்: பெயர், நிபந்தனை, காரணம். நிபந்தனையில் 'செவ்வாய், வெள்ளி முதல் இரண்டு பீரியட் வேண்டாம்' என்று இருந்தது. காரணத்தில் 'கணவருக்கு டயாலிசிஸ்' என்று இருந்தது. சின்ன எழுத்து. போர்டில் எழுதும்போது பெரிதாக எழுதுவாள். "காலைல ஆறு மணிக்கு மிஷின்ல போட்டா பத்து மணிக்குத்தான் எடுப்பாங்க. கூட ஆள் இல்லாம உள்ள விடமாட்டாங்க. வேற நேரம் கேட்டேன், காலியே இல்ல." நான் திரையைப் பார்த்துக்கொண்டு சரி மிஸ் என்றேன். போவாள் என்று பார்த்தால் போகவில்லை. "முதுகை நிமிர்த்தி உக்காரு. கிளாஸ்லயும் இப்பிடித்தான் கூனிக்கிட்டு உக்காருவ." என்ன கொழுப்பு. கேட்டு வந்த இடத்தில், கேட்கிற நிலைமையில், என் முதுகைப் பற்றிப் பேசுகிறாள். "இது கிடைக்கலேன்னா நான் வேலைய விடணும் தம்பி, வேற வழி இல்ல" என்று அதையும் அதே குரலில்தான் சொன்னாள், ஹோம்வொர்க் எழுதலேன்னா வெளிய நிக்கணும் என்கிற குரலில். நான் நிமிர்ந்து உட்காரவில்லை. வேண்டுமென்றே இன்னும் கூனினேன்.

அந்த வரியை எடுக்க ஒரு விநாடி ஆகாது. அம்புக்குறியை அங்கே கொண்டுபோய் ஒரு அழுத்து. எனக்கு அதில் சந்தோசம்கூட வரலாம், வராது என்று பொய் சொல்லமாட்டேன். சார் சொன்னார், நான் செய்தேன். யாரும் என்னைக் குறை சொல்ல முடியாது. ஐம்பத்தொன்பதாவது ஓடுகிறது. முப்பத்தொன்று. பதினெட்டு. என்னைக் கடுப்பாக்குவது என்னவென்றால் சாரின் கணக்குத் தப்பு. தப்பான கணக்கை வைத்துக்கொண்டு சிரிக்கிறார். டைம்டேபிள் போடுகிற ப்ரோகிராம் தேடிப் போனபோது யாரோ ஆராய்ச்சிப் பிள்ளைகளுக்கு எடுத்த பாடக்குறிப்பு ஒன்று நெட்டில் கிடைத்தது, எண்பது பக்கம். பதினோரு பக்கம் எனக்குப் புரிந்தது, மீதி புரிந்தது என்று சொல்லமாட்டேன். அவர்கள் இயற்பியல்காரர்கள். கோடிக்கணக்கான சின்னச் சின்னக் காந்தங்கள் ஒன்றோடொன்று ஒத்துப்போகாமல் கிடக்கிற ஒரு பொருளைப் பார்த்துக்கொண்டிருந்தவர்கள், அந்தக் கணக்கைத் தூக்கி இந்த மாதிரி நிபந்தனைப் புதிர்களில் வைத்துப் பார்த்தார்கள். மூன்று பேர், யாருக்கும் யாரையும் ஆகாது, இருப்பது இரண்டு ரூம். எப்படிப் போட்டாலும் ஒரு ஜோடி ஒரே ரூமில் கிடந்து சண்டை போடும். அந்த நிலைமைக்கு அவர்கள் வைத்திருக்கிற பெயரைத் தமிழில் சொன்னால் கடுப்பு என்றுதான் வரும். காந்தத்துக்குக் கடுப்பு. இதில் யார் கோளாறு என்று கேட்டால் என்ன பதில். முதல் இரண்டு பேர் ஆளுக்கொரு ரூமில் நிம்மதியாக இருந்தார்கள், மூன்றாவது ஆள் வந்ததும் சண்டை, அதனால் மூன்றாவது ஆள்தான் கோளாறு என்பார் அழகர்ராஜா சார். மூன்றாவதாக வந்தவனை முதலில் வரச்சொல்லியிருந்தால்? திரையில் ஒன்பது. நாலு. அவனுக்கு நிம்மதி, வேறு ஒருத்தன் கோளாறு.

நான் சும்மா சொல்லவில்லை, போட்டுப் பார்த்தேன். மதியம் சாப்பிடாமல் உட்கார்ந்து வரிசையைப் புரட்டினேன். ஜெபக்கனி மிஸ் வரியை முதலில் வைத்து, ஒன்பதாவது வரியைக் கடைசிக்குக் கொண்டுபோனேன். ஒன்பதாவது வரி சாரோட மருமகள் சுபாஷினி மேடம். ஆறாவதுக்கு இங்கிலீஷ் எடுப்பவர். 'எந்த நாளும் கடைசி பீரியட் வேண்டாம்' என்று நிபந்தனை. காரணம் என்கிற கட்டம் காலி. இருநூற்றுப் பன்னிரண்டு ஃபாரத்தில் அந்த ஒரு கட்டம்தான் காலி. அவரைக் கடைசியில் வைத்து ஓட்டினால் இருநூற்றுப் பதினொன்று வரைக்கும் சைபர், அவர் வந்ததும் ஒன்று. சரியா. பி.டி. சாரைக் கடைசியில் வைத்தால் பி.டி. சார் வந்ததும் ஒன்று. ஐம்பத்தெட்டு தடவையில் உடைந்தது யார் யார் வரி என்று ஒரு நோட்டில் கோடு போட்டு வைத்திருக்கிறேன்: சுபாஷினி மேடம் பத்தொன்பது, பி.டி. சார் பதினான்கு, லேப்காரர்கள் பன்னிரண்டு, சில்லறை ஆட்கள் ஒன்பது, ஜெபக்கனி மிஸ் நாலே நாலு. மொத்தம் ஐம்பத்தெட்டு, கூட்டிப் பாருங்கள். நோட்டைப் பற்றிச் சொல்ல வாயெடுத்தபோதுதான் அவர் தோளைத் தட்டினது. பக்கத்து மேசையில் ஃபீஸ் ரசீதுக் கட்டுகளுக்கு நடுவில் உட்கார்ந்திருக்கிற சங்கரலிங்கம் அண்ணாச்சி எல்லாம் கேட்டுக்கொண்டுதான் இருந்தார். சார் போனதும், "ஏலே வேலு, கோழி இன்னும் முட்டை போடலையா" என்றார். இல்லை அண்ணாச்சி. "பரிச்சைக்குப் பரிச்சை முட்டை வாங்கின பய, இன்னைக்கு ஒரு முட்டைக்குத் தவங்கெடக்கான் பாரு." அவரே சிரித்தார், அப்புறம் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு, "சொன்னதைச் செஞ்சிட்டுப் போலே. உங்கம்மா வேன்ல நிக்கிறது அந்த மனுசன் தயவுல" என்றார். இரண்டு. ஒன்று. ஐம்பத்தொன்பதும் போச்சு. இந்தத் தடவை லேப்காரர்கள்.

ஒன்றில் நிற்கிறது. இதில் இன்னொரு பயம் இருக்கிறது, அதை யாரிடமும் சொல்லவில்லை. ஒன்றில் நிற்கிறது என்றால் சைபர் இல்லவே இல்லை என்று அர்த்தம் கிடையாது. எனக்கு அகப்படவில்லை என்றுதான் அர்த்தம். அந்தப் பாடக்குறிப்பில் ஒரு படம் இருக்கிறது, அதைத்தான் நான் அதிகம் பார்த்திருக்கிறேன். ஆயிரம் சுவிட்ச், ஒவ்வொரு நிபந்தனையும் ஏதாவது மூன்று சுவிட்சைப் பிடித்து இழுக்கிறது. நிபந்தனை குறைவாக இருந்தால் விடை எங்கே பார்த்தாலும் கிடக்கும், கண்ணை மூடிக்கொண்டு எடுக்கலாம். ஏற்ற ஏற்ற, சுவிட்சுக்கு நாலேகால் நிபந்தனைக்குக் கொஞ்சம் மேலே போனதும், தண்ணீர் சட்டென்று உறைகிற மாதிரி, விடையே இல்லாமல் போகும். அந்தக் கோட்டுக்குச் சற்று முன்னால்தான் கொடுமை. விடை இருக்கும், ஆனால் தீவு தீவாகச் சிதறிக் கிடக்கும். ஒரு தீவிலிருந்து இன்னொன்றுக்குப் போகவேண்டுமென்றால் ஒன்றிரண்டை மாற்றினால் போதாது, பாதிப் பள்ளிக்கூடத்தைப் புரட்டணும். ஒவ்வொரு தீவுக்குள்ளும் சில சுவிட்ச் உறைந்துபோயிருக்கும், அசையாது, அதைத் தொட்டால் மொத்தமும் சரியும். நான் கோட்டுக்கு இந்தப் பக்கம் இருக்கிறேனா அந்தப் பக்கம் இருக்கிறேனா? எங்கேயோ ஒரு தீவில் சைபர் இருந்து, கெட்டிக்காரன் எவனாவது உட்கார்ந்திருந்தால் பத்து நிமிசத்தில் பிடித்திருப்பானா? புதிருக்கு விடை இல்லையா, நான் லாயக்கில்லையா? இந்த இரண்டுக்கும் வித்தியாசம் வெளியிலிருந்து தெரியவே தெரியாது. பரீட்சை ஹாலிலும் இதே. மூன்று மணி நேரம் காலித்தாளைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தபோது, கேள்வி தப்பா, நான் தப்பா என்று எனக்குத் தெரியவில்லை. அவர்களுக்கு மட்டும் உடனே தெரிந்தது. சிவப்பு மையில் தெரிந்தது. அறுபது. ஓட்டு. இன்னும் மெதுவாக, சூட்டை இன்னும் மெதுவாகக் குறை. மணி மூன்று இருபது. வெளியே வேன்களைக் கழுவுகிறார்கள், அம்மாவின் குரல் கேட்கிறது, யாரையோ வாளியை நகர்த்தச் சொல்லி அதட்டுகிறாள். அவளுக்கு வேன் டிரைவரை அதட்டத் தெரியும். சாரைப் பார்த்தால் செருப்பைக் கழற்றிவிட்டு நிற்பாள், எனக்கு அதைப் பார்த்தால் எரியும்.

இன்னொன்றும் அந்தப் பக்கங்களில் இருக்கிறது. அங்கே நிபந்தனைகள் எல்லாம் சீட்டுக் குலுக்கிப் போட்டவை. யாரும் யார்மேலும் வன்மமாகப் போடவில்லை, யாருக்கும் மாமனார் கிடையாது. அதனால் அங்கே நிபந்தனைக்கு நிபந்தனை சமம், ஒன்றை எடுப்பதும் இன்னொன்றை எடுப்பதும் ஒன்றுதான். இங்கே நான் அதே கணக்கை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன், கணக்கும் அதையேதான் சொல்கிறது: முட்டிக்கொண்டு நிற்கிறவற்றில் எதை எடுத்தாலும் சைபர் வரும். எதை எடுப்பது என்று கணக்கு சொல்லாது. அதைச் சொல்வது மனுசன். சொல்லிவிட்டு, கம்ப்யூட்டர் சொல்லிருச்சு என்பான். மீட்டிங்கில் அப்படித்தான் சொல்லப்போகிறார், எனக்குத் தெரியும், "சிஸ்டம் ஒத்துக்கலம்மா" என்பார், ஜெபக்கனி மிஸ் என்னைத் திரும்பிப் பார்ப்பாள், நான்தான் சிஸ்டம். எட்டுப் பேரை அனுப்பினபோதும் "சராசரி ஒத்துக்கலம்மா" என்றுதான் என் அம்மாவிடம் சொன்னார். அம்மா யார் சராசரி என்பது மாதிரி முழித்தாள். அவளுக்கு அப்போது யாரும் எதையும் விளக்கவில்லை. ஜெபக்கனி மிஸ் பக்கத்திலேயே நின்றாள், வாயைத் திறக்கவில்லை, பட்டியலை மடித்துக்கொண்டிருந்தாள். அதை நான் மன்னிக்கவில்லை. இன்றைக்கும் மன்னிக்கவில்லை. அவள் புருசனுக்கு ரத்தம் சுத்தம் பண்ணுகிறார்கள் என்பதால் அவள் எழுதினது சரியாகிவிடாது. ஆனால் அவள் எழுதினது ஒரு கணக்கு, இது வேறொரு கணக்கு, அதை வைத்து இதைத் தீர்த்தால் நானும் வரிசையில் கடைசியில் நிற்பவனைப் பிடித்துத் தள்ளுகிற ஆள் ஆகிவிடுவேன். ஆகட்டுமே என்றும் தோன்றுகிறது. இரண்டும் தோன்றுகிறது. பதினொன்று. ஆறு. மூன்று.

"ஏலே, மூணு நாப்பது" என்றார் அண்ணாச்சி. மூன்றில் நிற்கிறது, அசையவில்லை, அப்புறம் இரண்டு, யு.பி.எஸ். கீங் என்று ஒரு தடவை கத்திவிட்டு அடங்கியது. ஒன்று. அறுபதாவதும் ஒன்று. யாரை உடைத்தது என்று பார்த்தேன். ஒன்பதாவது வரி. வெள்ளிக்கிழமை எட்டாவது பீரியட், ஆறு ஏ, இங்கிலீஷ், சுபாஷினி. மற்ற இருநூற்றுப் பதினொன்றும் சரி. வாரத்தில் ஒரு நாள், நாற்பது நிமிசம், காரணம் எழுதாத கட்டம். பத்தொன்பது இருபது ஆனது. நோட்டில் கோடு போட்டேன். இதை நான் தேர்ந்தெடுக்கவில்லை, அதுவாக வந்தது என்று சொல்லிக்கொள்ளலாம், ஆனால் அதுவும் சிஸ்டம் ஒத்துக்கலம்மா மாதிரிதான். அறுபத்தொன்று ஓட்டியிருக்கலாம், ஓட்டவில்லை. சாரை மாட்டிவிடப் பார்க்கிறேனா, தெரியாது. இருக்கலாம். பிரிண்டரைப் போட்டேன். முதல் தாள் சூடாக வந்தது, அடியில் ப்ரோகிராம் எப்போதும் அடிக்கிற மாதிரியே ஒரு வரி அடித்திருந்தது: மீறப்பட்ட நிபந்தனை 1, வரிசை எண் 9. அதை மறைக்கத் தெரியும் எனக்கு. மறைக்கவில்லை. பத்து, இருபது, அண்ணாச்சி எழுந்து வந்து ஒரு தாளை எடுத்து மூக்குக்கு நேராகப் பிடித்துப் பார்த்தார். வெள்ளிக்கிழமையைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். "இது என்னலே." டைம்டேபிள் அண்ணாச்சி. "உனக்குக் கிறுக்குப் புடிச்சிருக்கு." இருக்கலாம் அண்ணாச்சி. அவர் தாளைத் திரும்பக் கட்டில் வைத்தார், ஓரம் பிசகாமல் தட்டிச் சரிசெய்தார், அப்புறம் தன் மேசைக்குப் போய் ரசீதுகளைப் பார்க்கிற மாதிரி குனிந்துகொண்டார். மாடியில் நாற்காலி இழுக்கிற சத்தம். டீச்சர்கள் வர ஆரம்பித்துவிட்டார்கள். ஜெபக்கனி மிஸ் வராந்தாவில் போகும்போது உள்ளே எட்டிப் பார்த்து, "என்ன தம்பி, ஆச்சா" என்றாள். ஆச்சு மிஸ் என்றேன், முகத்தைப் பார்க்காமல். முப்பத்தெட்டு. எண்ணி, கிளிப் போட்டு, சார் மேசைமேல் அவர் பேனா ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு வந்து, முதுகைக் கூனிக்கொண்டு உட்கார்ந்தேன். திரையில் பட்டியல் அப்படியே இருக்கிறது. கடைசியில் அவள் பெயர், செவ்வாய், வெள்ளி, முதல் இரண்டு பீரியட். அந்த ஒரு வரியை எடுத்துரு என்று சொன்னார். எடுக்கவில்லை.